மலாய்க்கு எம்எஸ், டேனிஷுக்கு டிஏ: மொழிக் குறியீடு போடத் தொடங்குபவர்களுக்கு

ஒரே நாளில் இரண்டு வேலை வந்தது, மலேசியாவுக்கு ஒரு பக்கம், டென்மார்க்குக்கு ஒரு பக்கம். குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி, மொழிபெயர்ப்புப் படிவத்தில் மொழி என்று கேட்ட கட்டத்தில் மலேசியாவுக்கு எம்ஒய் என்றும் டென்மார்க்குக்கு டிகே என்றும் நிரப்பி அனுப்பிவிட்டார். டிகே அப்போதே திரும்பி வந்தது, அப்படி ஒரு மொழி இல்லை என்று மென்பொருள் சிவப்பு எழுத்தில் சொல்லிவிட்டது. எம்ஒய் எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே போய், ஒரு வாரம் கழித்து, வட்ட வட்டமான பர்மிய எழுத்தில் முழுப் பக்கமும் மொழிபெயர்க்கப்பட்டு வந்து சேர்ந்தது. மொழிபெயர்த்தவர் சரியாகத்தான் செய்திருந்தார். எம்ஒய் என்றால் மொழிப் பட்டியலில் பர்மிய மொழி, நாட்டுப் பட்டியலில் மலேசியா.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவருக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்ததை இன்னும் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். மலாயும் டேனிஷும் இதைக் கற்றுக்கொள்ள நல்ல ஜோடி. டேனிஷ் சிக்கலே இல்லாத மொழி, மலாயில் இருக்கிற எல்லாச் சிக்கலும் இருக்கிறது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மற்ற மொழிகளுக்கு நீங்களே போட்டுவிடலாம்.

ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். குறியீடுகள் எல்லாம் ஆங்கில எழுத்தில் இருப்பவை. இங்கே அவற்றை உச்சரிக்கிற மாதிரி எழுத்துக்கூட்டி எழுதுகிறேன், எம்எஸ் என்றால் எம் ஒரு எழுத்து, எஸ் ஒரு எழுத்து. நீங்கள் கணினியில் அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: கட்டம் கேட்பது மொழியையா, நாட்டையா?

மொழிகளுக்கு ஒரு தரநிலை, அதன் பெயர் ஐஎஸ்ஓ 639. நாடுகளுக்கு இன்னொன்று, ஐஎஸ்ஓ 3166. இரண்டும் தனித்தனியாக வளர்ந்தவை, ஒன்றில் ஒரு எழுத்துச் சேர்க்கை எதைக் குறிக்கிறது என்பதைப் பற்றி மற்றொன்று கவலைப்படுவதில்லை. டேனிஷ் மொழி டிஏ, டென்மார்க் நாடு டிகே. மலாய் மொழி எம்எஸ், மலேசியா நாடு எம்ஒய். நாட்டுப் பட்டியலில் எம்எஸ் என்று தேடினால் கரீபியனில் இருக்கிற மொன்செராட் தீவு வரும்.

இதில் கவனிக்க வேண்டியது, இரண்டு மொழிகளிலும் தவறு நடக்கும் விதம் வேறு வேறு. டிகே என்று மொழிக் கட்டத்தில் போட்டால் அது செல்லாது, இரண்டெழுத்து மொழிப் பட்டியலில் அப்படி ஒன்று கிடையாது, அதனால் எங்கோ ஓர் இடத்தில் எச்சரிக்கை வரும். எம்ஒய் போட்டால் அது செல்லும், வேறு மொழியாகச் செல்லும். உலாவி, தேடுபொறி, திரைவாசிப்பான் எதுவும் கேள்வி கேட்காது. புதிதாக வருபவர்கள் டேனிஷில் தப்பித்துக்கொண்டு மலாயில் மாட்டுவது இதனால்தான். மென்பொருள் ஏற்றுக்கொண்டது என்பதை வைத்துச் சரியாகப் போட்டுவிட்டோம் என்று நினைத்துவிடாதீர்கள்.

இணைய முகவரியில் மலேசியாவுக்கு டாட் எம்ஒய், டென்மார்க்குக்கு டாட் டிகே என்று தினமும் பார்க்கிறோம், கண்ணுக்குப் பழகிவிடுகிறது. அது நாட்டின் குறியீடு, முகவரியில் இருக்கலாம், அதில் தவறே இல்லை. பக்கத்தின் மொழியைச் சொல்லும் லேங் என்ற இடத்திலும், இதே பக்கம் வேறு எந்த மொழியில் இருக்கிறது என்று தேடுபொறிக்குச் சொல்லும் ஹெச்ரெஃப்லேங் என்ற இடத்திலும் மொழிதான் முதலில் வர வேண்டும்.

இரண்டாம் படி: மொழியின் பெயரைச் சரியாகப் பிடியுங்கள்

'மலேசிய மொழி' என்று பட்டியலில் தேடினால் கிடைக்காது. மலேசியா என்ற நாடு 1963 செப்டம்பர் 16 அன்று உருவானது, மொழி அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தையது. அங்கே அந்த மொழியை பஹாசா மலேசியா என்றும் சொல்வார்கள், பஹாசா மெலாயு என்றும் சொல்வார்கள், அரசியலமைப்பின் 152ஆவது பிரிவு தேசிய மொழி மலாய் என்றுதான் சொல்கிறது. இந்தப் பெயர்களுக்குத் தனித்தனிக் குறியீடு கிடையாது, எல்லாவற்றுக்கும் எம்எஸ்.

தமிழர்களுக்கு இங்கே தனியாக ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. கீழே விரிகிற பட்டியலில் மலாய், மலையாளம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், அவசரத்தில் கை மாறிவிடும். மலையாளம் எம்எல், மூன்றெழுத்தில் எம்ஏஎல். பெயரின் முதல் மூன்று எழுத்தை எடுத்துக்கொண்டால் போதும் என்று நினைத்து மலாய்க்கு எம்ஏஎல் போட்டால் மலையாளம்தான் வரும். டேனிஷில் அந்த உத்தி தற்செயலாகப் பலித்துவிடும், டிஏஎன் என்பது சரியான குறியீடுதான், அதை நம்பி மற்ற மொழிகளுக்கும் அப்படியே போட்டுக்கொண்டு போகக் கூடாது.

மூன்றாம் படி: இரண்டெழுத்தா, மூன்றெழுத்தா?

ஐஎஸ்ஓ 639 பல பாகங்களாக வந்தது. இரண்டெழுத்துப் பட்டியல் 1988இல், அதில் இருப்பது 180 சொச்சம் மொழிகள்தான். அப்புறம் 1998இல் மூன்றெழுத்துப் பட்டியல், அதைப் பராமரிப்பது அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம். 2007இல் உலகின் எல்லா மொழிகளையும் சேர்க்கும் நோக்கத்தோடு இன்னும் பெரிய மூன்றெழுத்துப் பட்டியல், எஸ்ஐஎல் என்ற மொழியாய்வு அமைப்பு பராமரிப்பது, 7,000க்கும் மேல் குறியீடுகள். 2023இல் பாகங்களை ஒரே தரநிலையாகச் சேர்த்துவிட்டார்கள், குறியீடுகள் அப்படியேதான் இருக்கின்றன.

டேனிஷுக்கு மூன்றெழுத்தில் எங்கே போனாலும் டிஏஎன். ஆங்கிலத்தில் டேனிஷ், டேனிஷிலேயே டான்ஸ்க், இரண்டும் அதே மூன்று எழுத்தில் தொடங்குவதால் சண்டையே இல்லை. நம் தமிழும் அப்படித்தான், டிஏஎம், ஒரே ஒன்று.

மலாய்க்கு இரண்டு இருக்கின்றன, எம்எஸ்ஏ ஒன்று, எம்ஏஒய் ஒன்று. நூலகக்காரர்கள் ஆங்கிலப் பெயரை வைத்துப் பல ஆண்டுகளாகப் பட்டியல் போட்டிருந்தார்கள், லட்சக்கணக்கான அட்டைகளை மாற்ற முடியாது, அதனால் 20 மொழிகளுக்கு மட்டும் நூலகத்துக்கு ஒன்று, மற்ற பயன்பாட்டுக்கு ஒன்று என்று இரட்டைக் குறியீடு கொடுத்தார்கள். பிரெஞ்சு, ஜெர்மன், சீனம், பர்மிய மொழி எல்லாம் அந்த 20இல் இருக்கின்றன, மலாயும் இருக்கிறது. நூலகப் பதிவில் நீங்கள் எம்ஏஒய் என்று பார்த்தால் அது மலாய்தான், பிழை என்று நினைத்து எம்எஸ்ஏ என்று மாற்றிவிடாதீர்கள். புதிதாக நீங்கள் உருவாக்கும் தரவில் எம்ஏஒய் வேண்டாம்.

வலைப்பக்கம், செயலி, மென்பொருள் என்றால் விதி எளிது, இரண்டெழுத்துக் குறியீடு இருக்கிற மொழிக்கு இரண்டெழுத்தே போட வேண்டும், மூன்றெழுத்து அது இல்லாத மொழிக்குத்தான். எனவே டிஏ, எம்எஸ். வீடியோக் கோப்பின் ஒலித்தடம், வசன வரி போன்ற இடங்களில் மூன்றெழுத்து கேட்பார்கள், அங்கே அவர்கள் எந்த வகையை எதிர்பார்க்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் போடுங்கள், டேனிஷுக்குப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

நாடுகளுக்கும் மூன்றெழுத்து உண்டு, மலேசியா எம்ஒய்எஸ், டென்மார்க் டிஎன்கே. இதை மொழிக் கட்டத்தில் போட்டால் என்ன ஆகும்? இந்தத் தடவை இரண்டுமே சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். பெரிய மொழிப் பட்டியலில் எம்ஒய்எஸ் என்பது எத்தியோப்பியாவில் பேசப்பட்டு அழிந்துபோன மெஸ்மெஸ் மொழி. டிஎன்கே என்பது இந்தோனேசியாவின் ரோட்டே தீவில் பேசப்படும் டெங்கா மொழி. 7,000 குறியீடுகள் நிரம்பிய பட்டியலில் கையில் வந்த மூன்று எழுத்தைப் போட்டாலும் ஏதோ ஒரு மொழியில் போய் விழ வாய்ப்பு அதிகம். டேனிஷுக்கு இரண்டெழுத்தில் கிடைத்த பாதுகாப்பு மூன்றெழுத்தில் கிடையாது.

நான்காம் படி: எம்எஸ் என்பது ஒரு மொழி இல்லை, ஒரு குடும்ப அட்டை

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான், மெதுவாகப் போவோம்.

தரநிலையில் பெருமொழி என்று ஒரு வகை வைத்திருக்கிறார்கள். நெருங்கிய பல மொழிகளைச் சில தேவைகளுக்கு ஒன்றாகப் பார்க்கிறோம், சில தேவைகளுக்குத் தனித்தனியாகப் பார்க்கிறோம், அப்படிப்பட்ட கூட்டத்துக்கு ஒரு பொதுக் குறியீடு. மலாயின் எம்எஸ், எம்எஸ்ஏ இரண்டும் பெருமொழிக் குறியீடுகள், அதற்குள் முப்பதுக்கும் மேல் தனி மொழிகள் இருக்கின்றன. மலேசியப் பள்ளிப் பாடநூலிலும் செய்தியிலும் வருகிற தரமான மலாய்க்கு இசட்எஸ்எம். அதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று இசட்எல்எம், அதுவும் மலாய் என்றே பெயர் பெற்ற தனி மொழி. கெடா மலாய்க்கு எம்இஓ, பட்டானி மலாய்க்கு எம்எஃப்ஏ. இந்தோனேசிய மொழியும் தரநிலைப்படி இதே பெருமொழிக்குள்தான் வருகிறது, ஐஎன்டி என்று, ஆனால் அதற்குச் சொந்தமாக ஐடி என்ற இரண்டெழுத்தும் இருக்கிறது. இந்தோனேசியப் பக்கத்துக்கு எம்எஸ் போடாதீர்கள், ஐடி போடுங்கள். (பழைய மென்பொருளில் இந்தோனேசிய மொழிக்கு ஐஎன் என்று பார்த்தால் பயப்பட வேண்டாம், 1989இல் மாற்றப்பட்ட பழைய குறியீடு அது, ஜாவா நிரல்மொழியில் பதிப்பு 17 வரும்வரைக்கும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.)

டேனிஷ் பெருமொழி இல்லை. டிஏ என்றாலும் டிஏஎன் என்றாலும் அந்த ஒரு மொழிதான். பக்கத்து நார்வேஜியனைப் பார்த்தால் மலாயைப் போலவே என்ஓ என்ற பெருமொழிக்குள் என்பி, என்என் என்று எழுதும் வழக்குகள் இரண்டு.

அப்படியானால் நடைமுறையில் எம்எஸ் போடுவதா, இசட்எஸ்எம் போடுவதா? என் தீர்மானமான பதில், எம்எஸ். உலாவிகள், கைபேசிகள், இயங்குதளங்கள் எல்லாம் தரமான மலாயை எம்எஸ் என்றே எதிர்பார்க்கின்றன, இசட்எஸ்எம் போட்டால் பாதி இடத்தில் அடையாளம் தெரியாமல் ஆங்கிலத்துக்குப் போய்விடும். மொழியியல் ஆய்வு, ஒலிப்பதிவுக் களஞ்சியம், இயந்திர மொழிபெயர்ப்புக்கான தரவுத்தொகுப்பு, இந்த மாதிரி வேலையில் இருந்தால் இசட்எஸ்எம்தான் சரி, எந்த மலாய் என்று அங்கே துல்லியமாகச் சொல்லியாக வேண்டும்.

பெரிய மூன்றெழுத்துப் பட்டியலைப் புரட்டும்போது நம்மோடு தொடர்புள்ள இரண்டு குறியீடுகள் கண்ணில் படும். மலாக்கா செட்டிகள், தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள், பேசுகிற மலாய்க்கு சிசிஎம் என்று தனிக் குறியீடு இருக்கிறது. இலங்கையில் மலாய் மக்கள் பேசுகிற, தமிழும் சிங்களமும் இலக்கணத்துக்குள் ஊறிப்போன மலாய்க்கு எஸ்சிஐ. இந்த மொழிகளில் ஒரு பாட்டையோ கதையையோ பதிவு செய்து வைப்பவர்கள் பொதுவாக மலாய் என்று போட்டுவிட்டால் அந்தச் சமூகத்தின் பேச்சு தேடலில் எங்கோ கரைந்து போய்விடும். தயவுசெய்து சரியான குறியீட்டைப் போடுங்கள், மூன்று எழுத்து அடிக்கிற நேரம்தான்.

சைகை மொழிகளுக்கும் உண்டு. டேனிஷ் சைகை மொழி டிஎஸ்எல். மலேசியச் சைகை மொழி எக்ஸ்எம்எல், ஆமாம், நிரலாளர்கள் தினமும் பார்க்கிற அதே மூன்று எழுத்து, அதனால் கோப்புப் பெயரில் வந்தால் கொஞ்சம் கவனம்.

ஐந்தாம் படி: டேகை ஒட்டுவது

பிசிபி 47 என்ற விதித்தொகுப்பு, தற்போதைய வடிவம் 2009இல் வந்த ஆர்எஃப்சி 5646 என்ற ஆவணம், மொழி, எழுத்துமுறை, நாடு எல்லாம் சேர்ந்த டேகை எந்த வரிசையில் எழுத வேண்டும் என்று சொல்கிறது. மொழி முதலில், வேண்டுமானால் எழுத்துமுறை அடுத்து, கடைசியில் நாடு, நடுவே சின்னக் கோடு. எம்எஸ்-எம்ஒய், டிஏ-டிகே. மொழியைச் சின்ன எழுத்திலும் நாட்டைப் பெரிய எழுத்திலும் போடுவது வழக்கம், ஆனால் கணினி பெரிது சின்னது பார்ப்பதில்லை. இடத்தைத்தான் பார்க்கிறது. எம்ஒய்-எம்ஒய் என்று யாராவது அடித்தால் அதுவும் இலக்கணப்படி சரி, மலேசியாவில் வழங்கும் பர்மிய மொழி என்று அர்த்தமாகிவிடும்.

நாட்டை எப்போது சேர்க்க வேண்டும்? வித்தியாசம் தேவைப்படும்போது மட்டும். புரூணைக்கு எம்எஸ்-பிஎன், சிங்கப்பூருக்கு எம்எஸ்-எஸ்ஜி, மொழி ஒன்றானாலும் நாணயம் வேறு. டேனிஷுக்கு டிஏ-ஜிஎல் என்று கிரீன்லாந்தும் இருக்கிறது, 2009 முதல் அங்கே கிரீன்லாந்து மொழிதான் ஒரே ஆட்சிமொழி என்றாலும் டேனிஷும் புழக்கத்தில் இருக்கிறது. உங்களிடம் ஒரே ஒரு டேனிஷ் பக்கம் இருந்தால் வெறும் டிஏ போதும்.

எழுத்துமுறை டேனிஷுக்குத் தேவையே இல்லை, ரோமன் எழுத்து என்பது தெரிந்ததுதான், போடாமல் விடுங்கள் என்று இந்த டேகுகளின் பதிவேடே சொல்கிறது. மலாய்க்கும் ரோமன் என்றால் அதே விதி. ஆனால் மலாயை அரபு எழுத்தில் எழுதும் ஜாவி முறை உயிரோடு இருக்கிறது, மலேசியாவின் 1963/67 தேசிய மொழிச் சட்டம் ரோமன் எழுத்தைத் தேசிய மொழியின் எழுத்தாக வைத்துவிட்டு, ஜாவி எழுதத் தடையில்லை என்றும் சொல்கிறது. ஜாவிப் பக்கமானால் எம்எஸ்-ஏஆர்ஏபி-எம்ஒய் என்று நடுவில் நான்கெழுத்து சேர்க்க வேண்டும், பக்கம் வலமிருந்து இடமாக ஓட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

லினக்ஸில் கோட்டுக்குப் பதில் அடிக்கோடு, ஆண்ட்ராய்ட் கோப்புறைப் பெயரில் நாட்டுக்கு முன் ஆர் என்ற எழுத்து, பழைய விண்டோஸில் எண், மலேசிய மலாய்க்கு 1086, டேனிஷுக்கு 1030. இவையெல்லாம் வேஷம்தான், உள்ளே அதே எம்எஸ்ஸும் டிஏவும்.

ஆறாம் படி: சோதித்துப் பாருங்கள்

குறியீடு வெறும் லேபிள் என்று நினைத்தால் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுவீர்கள். அதைப் பார்த்துத்தான் கணினி எண்ணை எப்படி எழுதுவது, பெயர்களை எப்படி அடுக்குவது என்று முடிவு செய்கிறது. அந்த விவரங்கள் யூனிகோட் அமைப்பின் சிஎல்டிஆர் தரவுத்தொகுப்பிலிருந்து வருகின்றன.

முதலில் விலை. மலேசியாவில் நம் ஊர் மாதிரியே ஆயிரத்துக்குக் காற்புள்ளி, காசுக்குப் புள்ளி. டென்மார்க்கில் நேர் எதிர், ஆயிரத்துக்குப் புள்ளி, காசுக்குக் காற்புள்ளி. 1.500 என்று ஒரு விலை இருந்தால் டேனிஷ்காரருக்கு ஆயிரத்து ஐநூறு, மலேசியருக்கு ஒன்றரை. இரண்டு பக்கத்திலும் 1234.5 என்ற எண்ணைக் காட்டச் சொல்லுங்கள், ஒரே மாதிரி வந்தால் ஏதோ ஒரு குறியீடு வேலை செய்யவில்லை. நாணயத்தையும் அப்படியே பாருங்கள், ரிங்கிட் எம்ஒய்ஆர், குரோனர் டிகேகே, இவற்றில் முதல் இரண்டு எழுத்தும் நாட்டின் குறியீடு, மொழியிலிருந்து வந்ததில்லை.

அடுத்து அகர வரிசை. டேனிஷில் 29 எழுத்து, இசட்டுக்குப் பிறகு மூன்று, ஏயும் ஈயும் ஒட்டிய எழுத்து, குறுக்கே கோடு போட்ட ஓ, தலையில் வட்டம் வைத்த ஏ. கடைசி எழுத்து 1948 எழுத்துச் சீர்திருத்தத்தில் வந்தது, அதற்கு முன் அதை இரண்டு ஏ போட்டு எழுதினார்கள், ஊர்ப் பெயர்கள் பலவற்றில் இன்னும் அப்படித்தான், ஓர்ஹுஸ் நகரமே 2011இல் பழைய இரட்டை ஏவுக்குத் திரும்பிவிட்டது. எப்படி எழுதினாலும் வரிசையில் அதன் இடம் கடைசிதான். ஓர்ஹுஸ், ஓல்போர் (இரண்டும் இரட்டை ஏயில் தொடங்குபவை), கோபன்ஹேகன் மூன்றையும் பட்டியலில் போட்டு அடுக்கச் சொல்லுங்கள். கோபன்ஹேகன் முதலில் வந்தால் டிஏ சரியாக வேலை செய்கிறது. இரட்டை ஏ ஊர்கள் மேலே வந்தால் கணினி ஆங்கிலம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. மலாய்க்கு இந்தச் சோதனை உதவாது, அங்கே அடுக்கு வரிசை ஆங்கிலம் மாதிரியே.

மலாய்க்கு வேறு சோதனை. செயலியில் ஒருமை, பன்மை வாக்கியங்களுக்கு எத்தனை கட்டம் கேட்கிறது என்று பாருங்கள். டேனிஷில் வீடு ஹூஸ், பல வீடுகள் ஹூசே, ஆக இரண்டு கட்டம். மலாயில் வீடு ரூமா, ஐந்து வீடு என்றாலும் எண்ணுக்குப் பின் அதே ரூமா, ஒரே கட்டம் போதும். எம்எஸ் போட்ட இடத்தில் இரண்டு கட்டம் கேட்டால் எங்கோ ஆங்கிலமோ மலையாளமோ நுழைந்திருக்கிறது. ஆனால் இதை மட்டும் நம்ப முடியாது, பர்மிய மொழிக்கும் ஒரே கட்டம்தான், எம்ஒய் போட்டிருந்தாலும் இந்தச் சோதனை தேறிவிடும்.

அதனால் கடைசியாக எண்களைத் திரையில் பாருங்கள். எம்ஒய் என்று போன இடத்தில் சிஎல்டிஆர் வழக்கமாகப் பர்மிய இலக்கங்களைக் கொண்டுவரும், விலையும் தேதியும் திடீரென்று வேறு எழுத்தில் நிற்கும். அப்படி ஒன்றைப் பார்த்தால் மொழிக் கட்டத்துக்குத் திரும்பிப் போய் எம்எஸ் போடுங்கள்.